ஸ்கேன் செய்த பக்கம் சாய்ந்து வந்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

சாய்ந்திருக்கிறது என்று என் கைக்கு வரும் ஸ்கேன் கோப்புகளில் பெரும்பாலானவை, அதற்கு முன்பே ஏதோ ஒரு மென்பொருளால் ஒரு முறையாவது திருப்பப்பட்டவையாக இருக்கின்றன. சாய்வு தாளின் அச்சில் பிறந்ததா, தாளை இழுத்த ரோலரில் பிறந்ததா, ஸ்கேனருக்குள் ஒளியைப் படிக்கும் உணரியில் பிறந்ததா, திருத்த வந்த மென்பொருளிலேயே பிறந்ததா என்று பார்க்காமல் படத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால், அடுத்த கட்டுத் தாள்களுக்கும் அதே வேலையை முதலிலிருந்து செய்ய நேரும். ஆகவே ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணத்தை முதலிலும், பணமும் நேரமும் கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

## எதையும் தொடும் முன் அளந்துகொள்ளுங்கள்

படத்தைப் பெரிதாக்கி, நீளமான ஒரு வரியின் இடதுகோடி எழுத்தின் அடியிலும் வலதுகோடி எழுத்தின் அடியிலும் சுட்டியை வைத்து, இரண்டு இடங்களின் பிக்சல் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ப, ம, ட போன்று அடிக்கோட்டில் அமரும் எழுத்துகளையே எடுக்க வேண்டும். ஒரு முனையில் ‘ம’வும் மறுமுனையில் ‘கு’வும் எடுத்தால் எழுத்தின் இறக்கத்தையே சாய்வென்று கணக்கிட்டுவிடுவீர்கள். உயர வேறுபாட்டை அகலத்தால் வகுத்து 57.3 ஆல் பெருக்கினால் சாய்வு டிகிரியில் கிடைக்கும்: 2000 பிக்சல் நீளத்தில் 30 பிக்சல் இறக்கம் என்றால் 0.86 டிகிரி.

300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஏ4 பக்கம் 2480 பிக்சல் அகலமும் 3508 பிக்சல் உயரமும் கொண்டது. அதில் 1 டிகிரி சாய்வு, முழு அகலத்துக்கு 43 பிக்சல் ஏற்றத்தாழ்வைத் தருகிறது. 10 புள்ளி எழுத்தின் அளவே அங்கு ஏறத்தாழ 42 பிக்சல்தான் என்பதால், வரியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு வரியின் உயரமே நழுவிவிடுகிறது. சாய்வு 0.2 டிகிரிக்குக் கீழே இருந்தால் நான் அந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை, ஏனெனில் திருப்புவதால் எழுத்தின் விளிம்பில் வரும் மங்கல் அந்தச் சிறு சாய்வைவிடக் கேடானது.

இதே அளவைப் பக்கத்தின் மேல், நடு, கீழ் என மூன்று வரிகளிலும், அட்டவணைக் கோடு போன்ற ஒரு செங்குத்துக் கோட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒன்றாக இருந்தால் பக்கம் முழுதாகச் சுழன்றிருக்கிறது; முதல் இரண்டு அறிகுறிகளைப் பாருங்கள். செங்குத்துக் கோடு மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மூன்றாவதையும், மேல்வரியும் கீழ்வரியும் ஒத்துப்போகவில்லை என்றால் நான்காவதையும் பாருங்கள்.

## 1. எல்லாப் பக்கங்களும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவில் சாய்ந்திருக்கின்றன

கணினியை விட்டுவிட்டு முதலில் அளவுகோலை எடுங்கள். மூலத் தாளில் ஒரு வரியின் இடது முனை மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, வலது முனை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஏ4 அகலத்தில் 1 டிகிரி என்பது 3.7 மில்லிமீட்டர் என்பதால், பள்ளிக்கூட அளவுகோலே இந்தச் சோதனைக்குப் போதும்.

தாளைத் தலைமாற்றி வைத்து மறுபடி ஸ்கேன் செய்தால் குற்றம் தாளிலா ஸ்கேனரிலா என்று தெரிந்துவிடும் எனப் பலர் நம்புகிறார்கள். நானும் வெகுநாள் நம்பினேன். ஆனால் ஒரு கோட்டை அரைச்சுற்று சுழற்றினாலும் அதன் சாய்வு மாறாது. அச்சுச் சாய்வும் அப்படியே நிற்கும், ஸ்கேனரின் சாய்வும் அப்படியே நிற்கும். அளவுகோல்தான் இங்கே உண்மை சொல்லும்.

### தாளிலேயே அச்சு சாய்ந்திருந்தால்

நகலிலிருந்து நகல் எடுத்த பழைய கோப்புகளில் இது மிகச் சாதாரணம். ஸ்கேனரின் இயக்க மென்பொருளில் உள்ள தானியங்கி நேராக்கல் பெரும்பாலும் தாளின் விளிம்பைப் பார்த்து நேராக்குகிறது. விளிம்பு நேராகவும் அச்சு சாய்வாகவும் இருந்தால் அது தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டுச் சாய்ந்த வரிகளையே நமக்குத் தரும். அதை அணைத்துவிட்டு, வரிகளைப் பார்த்துக் கோணம் கண்டுபிடிக்கும் மென்பொருளைப் பின்னர் பயன்படுத்துங்கள்.

### தாளில் அச்சு நேராக இருந்தால்

தட்டைக் கண்ணாடி ஸ்கேனராக இருந்தால் தாளின் மூலை கண்ணாடியின் எந்த மூலைக்குறியில் பொருந்த வேண்டும் என்று பாருங்கள். விளிம்புச் சட்டத்தின் ஓரத்தில் சிக்கிய காகிதத் துணுக்கு ஒன்றே தாளின் ஒரு பக்கத்தைத் தள்ளி வைக்கப் போதுமானது. மூடியை வேகமாக மூடும்போது எழும் காற்றும் மெல்லிய தாளை நகர்த்திவிடும்.

தானியங்கித் தாள் ஊட்டி உள்ள ஸ்கேனரில், தாளின் இருபுறமும் இருக்கும் வழிகாட்டித் தகடுகள் இரண்டும் தாளை மெல்லத் தொட்டு நிற்கின்றனவா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் தாளை எடுக்கும் ரோலரையும் பிரிக்கும் பட்டையையும் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் திரவத்தால் துடையுங்கள். ரோலரின் ஒரு பாதி தூசியால் வழுக்கி மறுபாதி இறுகப் பிடித்தால் தாள் எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்பும். துடைத்த பின் மடிப்பில்லாத புதிய தாள் பத்தை அனுப்பி அளந்து பாருங்கள். குறையவில்லை என்றால் ரோலர் தேய்ந்திருக்கலாம். பல ஸ்கேனர்களின் இயக்க மென்பொருள் ரோலரில் ஓடிய பக்கங்களின் எண்ணிக்கையைக் காட்டுகிறது, கையேடு எந்த எண்ணிக்கையில் மாற்றச் சொல்கிறது என்பதோடு அதை ஒப்பிடலாம். ரோலர்களை மாற்றிய பிறகும் அதே திசையில் அரை டிகிரிக்கு மேல் சாய்வு நின்றால், அது பழுதுபார்ப்பவரின் வேலை.

## 2. பக்கத்துக்குப் பக்கம் சாய்வும் திசையும் மாறுகின்றன

இது ஏறக்குறைய எப்போதும் தாள் ஊட்டியின் குற்றம், அதிலும் ஊட்டியை நிரப்பியவரின் குற்றம். தாள்கட்டை விசிறிப் பிரித்து, மேசையில் தட்டி விளிம்புகளை ஒழுங்குபடுத்தி, தட்டின் கொள்ளளவில் பாதிக்கு மேல் நிரப்பாமல் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். மடிந்த மூலைகளை நிமிர்த்துங்கள். பின்னூசியை எடுத்த இடத்தில் தாள்கள் ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டிக்கொண்டிருக்கும். அந்த மூலை பின்தங்கும்போது மறுமூலை முந்திப்போய்ப் பக்கம் திரும்பிவிடுகிறது.

வெவ்வேறு அளவுத் தாள்கள் ஒரே கட்டில் கலந்திருந்தால், வழிகாட்டிகள் அகலமான தாளுக்கு ஏற்பவே நிற்கும், குறுகிய தாள் நடுவில் தாங்கலின்றி ஆடும். அளவுவாரியாகப் பிரித்து ஓட்டுவதைத் தவிர இதற்கு வேறு நல்ல வழி இல்லை. ரசீது போன்ற சிறு தாள்களை ஒளிபுகும் உறைத்தாளில் வைத்து அனுப்பலாம்.

ஒரே ஓட்டத்தில் இருபக்கமும் ஸ்கேன் செய்யும் கருவி என்றால் ஓர் எளிய சோதனை உண்டு. தாள் உள்ளே திரும்பிப் போயிருந்தால், முன்பக்கம் வலப்புறம் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதே அளவு பின்பக்கம் இடப்புறம் சாய்ந்திருக்கும். அளவு ஒன்றாகவும் திசை எதிராகவும் இருந்தால் ஊட்டலைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து மறுபக்கம் நேராக இருந்தால், சாய்ந்த பக்கத்தின் அச்சை அளவுகோலால் அளந்து, அதுவும் நேர் என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## 3. கிடைக்கோடுகள் சாய்கின்றன, செங்குத்துக் கோடுகள் நேராக நிற்கின்றன

இங்கே படத்தைத் திருப்பினால் கிடைக்கோடு நேராகும்போதே செங்குத்துக் கோடு சாய்ந்துவிடும். எத்தனை முறை திருப்பினாலும் இரண்டும் ஒன்றாக நேராகாததால், மென்பொருளைக் குறைசொல்லி ஒன்றை விட்டு மற்றொன்றை நிறுவிக்கொண்டிருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். உண்மையில் தாள் நகரும் திசைக்கு உணரிப் பட்டை செங்குத்தாக இல்லை, அல்லது தட்டை ஸ்கேனரில் உணரியைச் சுமக்கும் வண்டியின் ஒரு முனை முந்தி ஓடுகிறது.

சந்தேகம் தீர, ஒரு தாளில் பெரிய செவ்வகம் ஒன்றை மூலைமட்டம் வைத்து வரைந்து ஸ்கேன் செய்து, படத்தில் இரண்டு மூலைவிட்டங்களின் நீளத்தையும் பிக்சலில் கணக்கிடுங்கள். வெறும் சுழற்சி என்றால் இரண்டும் சமம். அரை டிகிரி கோணல் இருந்தால், 300 டிபிஐயில் ஏ4 அளவுச் செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் ஏறத்தாழ 35 பிக்சல் வேறுபடும். தவறவிடவே முடியாத வேறுபாடு இது. இதற்கு மாறாகக் கிடைக்கோடு நேராக இருந்து செங்குத்துக் கோடு சாய்ந்தால், தாள் திரும்பாமல் பக்கவாட்டில் நழுவிக்கொண்டே போயிருக்கிறது. வழிகாட்டிகளையும் ரோலரையும் மறுபடி பாருங்கள்.

முடிந்த ஸ்கேன்களை, திருப்புவதற்குப் பதிலாக ‘ஷியர்’ எனப்படும் சரிவுத் திருத்தத்தால் (ஒரு திசைக் கோடுகளை மட்டும் சாய்ப்பது) காப்பாற்றலாம். இமேஜ்மேஜிக், கிம்ப் ஆகிய படத்திருத்த மென்பொருள்களில் அது இருக்கிறது. ஸ்கேனரை நீங்களே திறக்க வேண்டாம். வண்டியின் பட்டையையும் உணரியின் நிலையையும் சரிசெய்து மறுபடி அளவொப்பிடுவது பயிற்சி பெற்றவரின் வேலை. விலை குறைந்த தட்டை ஸ்கேனர் என்றால் அந்தக் கூலிக்குப் புதியதே வாங்கிவிடலாமா என்று கேட்டுக்கொள்வதும் நியாயம்.

## 4. மேல்வரி ஒரு கோணத்திலும் கீழ்வரி வேறு கோணத்திலும் இருக்கின்றன

### கைப்பேசியில் எடுத்த படம்

பக்கத்தின் எதிர்விளிம்புகள் இணையாக இல்லாமல் ஒரு முனையில் குவிகின்றன என்றால் கேமரா தாளுக்கு நேர் மேலே இல்லை. நான்கு மூலைகளையும் குறித்துச் செவ்வகமாக்கும் தொலைத்தோற்றத் திருத்தத்தை முதலில் செய்யுங்கள். மிச்சமிருக்கும் சிறு சாய்வைப் பிறகு பார்க்கலாம்.

### ஊட்டியில் ஓட்டிய தாள்

தாள் பாதி வழியில் திரும்பியிருக்கிறது. இதை மென்பொருளால் நேர்த்தியாக மீட்க முடிவதில்லை. மடிப்பை நீக்கி மறுபடி ஸ்கேன் செய்வதே குறைந்த செலவு.

### கட்டிய புத்தகம்

முதுகின் அருகே வரிகள் வளைந்தால் அது சாய்வல்ல, வளைவு. ஸ்கேன் டெய்லர் போன்ற மென்பொருள்களில் வளைவு நீக்கல் தனியாக இருக்கிறது. விரித்த புத்தகத்தின் இரண்டு பக்கங்களும் ஒரே படத்தில் இருந்தால் முதலில் இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் ஒரு திசையிலும் வலப்பக்கம் எதிர்த்திசையிலும் சாய்ந்திருக்கும்போது, முழுப் படத்துக்கும் ஒரே கோணம் தேடும் மென்பொருள் இரண்டில் ஒன்றுக்காவது தவறிழைத்தே தீரும். முதுகு உடையும் நிலையில் உள்ள பழைய நூலை அழுத்தி வளைவைக் குறைக்க முயலாமல், ஆவணப் பாதுகாப்பில் பயிற்சி உள்ளவரிடம் ஒப்படையுங்கள்.

## 5. மென்பொருள் நேராக்கிய பிறகு சாய்வு இருமடங்காகிவிட்டது, அல்லது பக்கம் படுத்துவிட்டது

சாய்வு சரியாக இருமடங்கானால் கோணம் சரி, திசை தவறு. இமேஜ்மேஜிக்கின் சுழற்றும் கட்டளையில் நேர்ம எண் கடிகாரத் திசையைக் குறிக்கிறது. படங்களைக் கையாளும் நிரல் தொகுப்பான ஓப்பன்சிவியின் சுழற்சி அணியிலும், பைத்தான் மொழிக்கான அதே வகைத் தொகுப்பான பில்லோவிலும் நேர்ம எண் எதிர்க்கடிகாரத் திசையைக் குறிக்கிறது. ஒன்றில் அளந்து மற்றொன்றில் திருப்பினால் குறியை மாற்ற வேண்டும்.

பக்கம் ஏறக்குறைய 90 டிகிரி திரும்பிப் படுத்துவிட்டால், சொந்தமாக எழுதிய அல்லது எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ஓப்பன்சிவி நிரலைச் சந்தேகியுங்கள். எழுத்துகளை எல்லாம் அடக்கும் மிகச் சிறிய பரப்புள்ள செவ்வகத்தைத் தரும் அதன் செயற்கூறு முன்பு கோணத்தை −90 முதல் 0 வரையிலான எல்லைக்குள் தந்தது, 4.5.1 பதிப்பிலிருந்து 0 முதல் 90 வரையிலான எல்லைக்குள் தருகிறது. பழைய வழக்கத்தை நம்பி −45ஐ எல்லையாக வைத்து எழுதிய நிரல் துண்டுகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பதிப்பைப் பாருங்கள், கிடைத்த கோணத்தை −45க்கும் 45க்கும் இடையில் கொண்டுவந்த பிறகே திருப்புங்கள்.

அந்தச் செவ்வக முறையே ஆவணங்களுக்கு உகந்ததல்ல என்பது என் கருத்து. பக்கத்தின் ஒரு மூலையில் இருக்கும் மைப்புள்ளியோ, பாதியில் முடியும் கடைசிப் பத்தியோ செவ்வகத்தின் சாய்வை மாற்றிவிடும்.

## 6. சில பக்கங்களை மட்டும் மென்பொருள் தொடவில்லை, அல்லது தவறான கோணத்துக்குத் திருப்பிவிட்டது

அதிக நேரத்தை விழுங்கும் அறிகுறி இதுதான். தவறிய பக்கங்களை மட்டும் ஒரு தனிக் கோப்புறையில் சேர்த்துச் சிறு படங்களாக ஒன்றாக விரித்துப் பாருங்கள். அவற்றுக்குள் ஏதோ ஓர் ஒற்றுமை உடனே கண்ணில் படும்.

கருப்பு விளிம்பு. தாளைச் சுற்றிக் கரிய பட்டை விழுந்திருந்தால், வரிகளைவிட அந்தப் பட்டையே வலிமையான கோடாகத் தெரிகிறது. பட்டையை வெட்டிவிட்டு, அல்லது வெள்ளையாக்கிவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். தவறிய பக்கங்களில் பெரும்பாலானவை இதிலேயே சரியாகிவிடுவதால் இதை முதலில் வைத்திருக்கிறேன்.

எல்லைக்கு மேற்பட்ட சாய்வு. நேராக்கும் மென்பொருள்கள் குறிப்பிட்ட எல்லைக்குள்தான் கோணத்தைத் தேடுகின்றன. லெப்டோனிகாவின் இயல்பு எல்லை இருபுறமும் 7 டிகிரி, அன்பேப்பரின் இயல்பு எல்லை 5 டிகிரி. நீங்கள் அளந்த சாய்வு 9 டிகிரி என்றால் எல்லையைக் கூட்டுங்கள், அல்லது கையால் தோராயமாகத் திருப்பிவிட்டு மிச்சத்தை மென்பொருளிடம் விடுங்கள்.

நம்பிக்கைக் குறைவு. நாலைந்து வரிகளே உள்ள பக்கம், அட்டைப் பக்கம், புகைப்படம் மட்டும் உள்ள பக்கம் ஆகியவற்றில் லெப்டோனிகா கோணத்தோடு ஒரு நம்பிக்கை மதிப்பையும் கணக்கிட்டு, அது போதாவிட்டால் பக்கத்தைத் திருப்பாமலே தந்துவிடுகிறது. இது பிழையல்ல, நல்ல குணம். இத்தகைய பக்கங்களைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

வரியல்லாத சாய்வுகள். குறுக்கே அடித்த முத்திரை, சரிந்த கையெழுத்து, படத்தில் உள்ள கூரை விளிம்பு, பக்கத்தின் குறுக்கே ஓடும் மடிப்புக் கோடு ஆகியவை மென்பொருளை இழுத்துச் செல்லும். அச்சு எழுத்துகள் மட்டும் உள்ள பகுதியை வெட்டியெடுத்து அதில் கோணத்தைக் கண்டு, அந்தக் கோணத்தால் முழுப் பக்கத்தையும் திருப்புங்கள்.

எழுத்துமுறை. தேவநாகரியின் தலைக்கோட்டை நம்பிக் கோணம் கண்டுபிடிக்கும் நிரல்கள் தமிழில் தடுமாறும், ஏனெனில் தமிழ் எழுத்துகளுக்குத் தலைக்கோடு இல்லை. மேலே புள்ளியும் இகர, ஈகார விசிறிகளும், கீழே உகரச் சுழிகளும் வரிகளுக்கு இடையிலான வெள்ளை இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கும். வரி இடைவெளி நெருக்கமான பழைய அச்சில் இது கூடுதலாகத் தெரியும். படத்தைச் சற்று அழுத்தமான கருப்பு வெள்ளையாக்கி, தூசிப் புள்ளிகளை நீக்கிய நகலில் கோணத்தை அளந்து, அதை மூலப் படத்தில் பயன்படுத்துங்கள். இமேஜ்மேஜிக்கின் நேராக்கும் கட்டளைக்கு அதன் ஆவணங்கள் சொல்லும் 40% வரம்பு பெரும்பாலான பக்கங்களுக்குப் பொருந்துகிறது. மங்கலான பக்கங்களில் மட்டும் அந்த எண்ணை மாற்றிப் பாருங்கள்.

நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒன்றாக ஓட்டும்போது, ஒவ்வொரு பக்கத்துக்கும் மென்பொருள் கண்ட கோணத்தை ஒரு பட்டியலில் எழுதிவைக்கச் செய்யுங்கள். அண்டைப் பக்கங்கள் 0.5 டிகிரியில் இருக்கும்போது ஒன்று மட்டும் 6.8 என்று நின்றால், படத்தைத் திறக்காமலே தவறு தெரிந்துவிடும். எல்லாப் பக்கங்களையும் கண்ணால் புரட்டிப் பார்ப்பதைவிட இந்தப் பட்டியலை வரிசைப்படுத்திப் பார்ப்பது விரைவு; களைப்பில் கண் தவறவிடுவதை அது தவறவிடுவதில்லை.

## 7. பக்கம் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ இருக்கிறது

சிறு சாய்வைத் திருத்தும் கருவி இதைத் திருத்தாது. எழுத்துணர் மென்பொருளான டெஸரக்ட்டின் பக்கப் பகுப்பு முறை 0, பக்கம் எத்திசையில் இருக்கிறது என்று 90 டிகிரிப் படிகளில் சொல்கிறது. எழுத்துகள் மிகக் குறைவான பக்கத்தில் அது முடிவு சொல்லாமல் விட்டுவிடும். ஒரு மென்பொருளில் நேராகவும் மற்றொன்றில் படுத்தும் தெரியும் கைப்பேசிப் படம் என்றால், பிக்சல்கள் திரும்பவில்லை, படக்கோப்பில் கேமரா பதித்த எக்ஸிஃப் குறிப்பு மட்டும் திரும்பச் சொல்கிறது. அந்தக் குறிப்பைப் பிக்சல்களில் நிலைப்படுத்திவிட்டு மேற்கொண்டு செல்லுங்கள். திசையைத் திருத்துவது முதலில், சாய்வைத் திருத்துவது பிறகு.

## 8. நேராக்கிய பின் எழுத்து சிதைந்துவிட்டது, மூலைகளில் கருப்பு முக்கோணம் விழுகிறது

முக்கோணம் வெறும் பின்னணி நிறச் சிக்கல். பின்னணியை வெள்ளை என்றோ தாளின் நிறம் என்றோ சொல்லிவிட்டால் போதும். ஓரத்து எழுத்துகள் வெட்டுப்பட்டால், திருப்பும் முன் பக்கத்தைச் சுற்றி இடம் சேருங்கள்: 300 டிபிஐயில் ஏ4 பக்கத்தின் உயரத்துக்கு 1 டிகிரி என்பது 61 பிக்சல்.

எழுத்தின் விளிம்பு படிக்கட்டுபோல் உடைந்திருந்தால், கருப்பு வெள்ளையாக மாற்றிய படத்தைத் திருப்பியிருக்கிறீர்கள். சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்து, திருப்பி, அதன் பின்னரே கருப்பு வெள்ளையாக்குங்கள். மூலம் இல்லாமல் கருப்பு வெள்ளை மட்டுமே கையில் இருந்தால், இருமடங்கு பெரிதாக்கிச் சாம்பல் நிறத்துக்கு மாற்றித் திருப்பலாம். உடைவு குறையும், முற்றிலும் போகாது.

எழுத்து மங்கியிருந்தால் அந்தப் படம் பலமுறை திருப்பப்பட்டிருக்கலாம். ஒவ்வொரு முறையும் எல்லாப் பிக்சல்களும் புதிதாகக் கணக்கிடப்படுகின்றன, ஜேபெக்காகச் சேமித்தால் ஒவ்வொரு சேமிப்பிலும் இன்னும் கொஞ்சம் இழக்கிறோம். முதல் ஸ்கேனுக்குத் திரும்பிப்போய், மொத்தக் கோணத்தையும் கூட்டி ஒரே முறை திருப்பி, டிஃப் அல்லது பிஎன்ஜியாகச் சேமியுங்கள். முதல் ஸ்கேனை அழித்துவிட்டவர்களுக்குத் தாளைத் தேடி மறுபடி ஸ்கேன் செய்வது மட்டுமே வழி.

## 9. பிடிஎஃப்பில் தேர்ந்தெடுக்கும் எழுத்து படத்தின் வரியோடு பொருந்தவில்லை

படத்தில் உள்ள எழுத்துகளைத் தேடத்தக்க உரையாக்கும் எழுத்துணர்தலை (ஓசிஆர்) முதலில் செய்து படத்தை அதன் பிறகு நேராக்கியிருக்கிறீர்கள். மறைந்திருக்கும் எழுத்து அடுக்கு பழைய சாய்விலேயே நிற்கிறது. நேராக்கிய படத்தில் எழுத்துணர்தலை மறுபடி ஓட்டுங்கள். அதற்கான மென்பொருளான ஓசிஆர்மைபிடிஎஃப்பில், பழைய எழுத்தடுக்கை மட்டும் மாற்றும் ‘ரீடூ’ முறையையும் நேராக்கலையும் ஒன்றாகக் கேட்டால் அது மறுத்துவிடும். ‘ஃபோர்ஸ்’ முறையில் இரண்டும் நடக்கும், ஆனால் அது எல்லாப் பக்கங்களையும் படமாக்கிவிடும் என்பதால், கணினியிலேயே உருவான பக்கங்கள் கோப்பில் கலந்திருந்தால் அவற்றைப் பிரித்து வைத்துவிட்டு ஓட்டுங்கள்.

மின்னொப்பம் இட்ட பிடிஎஃப்பை எக்காரணம் கொண்டும் நேராக்காதீர்கள். பக்கத்தை மாற்றிய கணமே அந்த ஒப்பத்தின் சரிபார்ப்பு தோற்கும். சாய்வு வாசிப்பைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால் ஒரு நகலை மட்டும் நேராக்கி வாசிப்புக்கு வைத்துக்கொண்டு, ஒப்பமிட்ட கோப்பைத் தொடாமல் விட்டுவிடுங்கள். நேரான ஒப்பமிட்ட பிரதியே தேவை என்றால், ஆவணத்தை வழங்கியவரிடமே மறுபடி ஸ்கேன் செய்து ஒப்பமிட்டுத் தரும்படி கேளுங்கள்.